மஞ்சள் தவிர எதுவும்

டுலூத்தில் மார்ச் என்றால்
பனிக்குப் பனியே மேல்பூச்சு.
கூரை திறக்கும் கார் தேட
இதைவிடக் கிறுக்கு மாதம் உண்டா என்று
முதல் ஷோரூம்காரன் சிரித்தான்.
வாங்க ஆளில்லாத மாதத்தில்தான்
பேரம் படியும் என்றேன்.
சிரிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு அவன் என்னை நடத்திப்போனது
இடுப்புயர டயர் வைத்த வண்டிகளிடம்.
இருக்கைக்குச் சூடு, ஸ்டியரிங்குக்குச் சூடு,
பின்னால் பேரப்பிள்ளைகளுக்கு மூன்று இடம்.
பேரப்பிள்ளைகள் இல்லை.
பிள்ளைகள்?
காலையில் அறுபது, மாலையில் அறுபது,
முப்பத்தொரு வருடம்.
ஒன்றுகூட என்னுடையதில்லை.
பாவம், கால்குலேட்டரை எடுத்தவன்
எதைத் தட்டுவதென்று தெரியாமல் நின்றான்.

அடுத்த கடையில் காப்பி இலவசம்,
ருசியும் அப்படித்தான்.
நடுக்கூடத்தில் ஒரு சிவப்பு வண்டி,
உப்புக்கறை படியாத டயர்கள்.
இந்த ஊரில் அப்படியொன்றைப் பார்ப்பதே
கொஞ்சம் வெட்கமாயிருந்தது.
உங்கள் கணவர் எப்போது வருவார், கேட்டான் கிரெய்டன்.
அரிசோனாவுக்குப் போனவர்,
பதினாறு வருடமாகிறது.
காத்திருக்கலாம்,
உங்கள் காப்பிதான் ஆறிவிடும்.

பாலம் தாண்டி சுப்பீரியரில்
பெங் என்றொரு பையன்.
புதுக் கோட்டின் கையில்
விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது.
இதுவரை என்ன ஓட்டினீர்கள் என்று மட்டும் கேட்டான்.
நாற்பதடி நீளம், எழுபத்திரண்டு இருக்கை, மஞ்சள்.
யோசித்தான்.
அப்படியானால் இரண்டு இருக்கை போதும், என்றான்.
நிறம்?
மஞ்சள் தவிர எதுவும்.

பொத்தானை அழுத்தினேன்.
கூரை எழுந்து, முழங்கை மடக்கி,
தன் முதுகுக்குள் தானே போய்ப் படுத்தது.
பதின்மூன்று நொடி.
கதவு திறந்து கதவு மூடிய கைக்கு
வானம் திறப்பது
அவ்வளவு கனமாயில்லை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.
காலடியில் ஹீட்டர், காதில் கத்தி.
பெங்கின் காதுகள் பீட்ரூட்.
நகரும் முன் கண்ணாடியில் பார்த்தேன், பழக்கம்:
எழுந்து நிற்பவர் இல்லை,
பபிள்கம் ஒட்டுபவர் இல்லை,
மூன்றாம் வரிசையில் வாந்தி இல்லை.
பின்னால் சாலைதான் உட்கார்ந்திருந்தது,
சொன்ன பேச்சுக் கேட்டு.

தானியக் கிடங்குப் பக்கம் ரயில்பாதை வந்ததும்
கால் தானாகப் பிரேக்கில் ஏறியது.
கை, கதவின் நெம்புகோலைத் தேடிக்
காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.
தண்டவாளத்துக்கு முன் நிற்க வேண்டும்,
கதவைத் திறக்க வேண்டும்,
கேட்க வேண்டும்.
எத்தனை குட்டிப் பிசாசுகள் ஏறியிருந்தாலும்
அந்த அரை நிமிடம் பஸ் மூச்சுவிடாது.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.
ஏதாவது பழுதா, என்றான் பெங்.
கேள், என்றேன்.
கேட்டான்.
ரயில் வரவில்லை.
துறைமுகத்துப் பனிக்கட்டி எங்கோ
வயிற்றுக்குள் முனகியது.
லாரிக்காரன் என் அம்மாவை இழுத்து ஒன்று சொன்னான்;
கூரை இல்லாததால்
முழுதாகக் காதில் விழுந்தது.

விலைத்தாளோடு மேலாளர் அறைக்கு
நான்கு முறை போய்வந்தான் பெங்.
கால்மிதிகள் சேர்த்தான்.
பிறகு அறுநூறு டாலர் குறைத்தான்.
அதற்குமேல் இறங்கியது அவன் முகம்தான்.
என் பென்ஷன் எனக்குத் தெரியும்.
கையுறை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள், ரொட்டி கருகிக்கொண்டிருந்தபோது போன்.
நான் சொன்ன தொகைக்கே ஒன்று இருக்கிறதாம்,
போன வருடத்து மாடல்,
யாருமே எடுக்காமல் கிடக்கிறதாம்.
ஆனால், என்று இழுத்தான்.
நிறத்தை அவன் சொல்லவில்லை.
சொல்ல விடாமல்
நான் சிரிக்கத் தொடங்கியிருந்தேன்.